கனடா மகனை வெட்டினோம், குவைத் மகள் வந்தாள்

ஊர்ப் பெடியன்கள் ஒரு படம் எடுக்க என்று முதலில் எழுதிக்கொண்டு வந்த கதையில் மகன் கனடாவில் இருந்து வருவான். பெரிய நாற்சார் வீடு, முற்றத்தில் வேப்பமரம், படுக்கையில் தகப்பன். பத்து வருடக் கோபம் கரைந்து மகன் காலைப் பிடித்து அழுவான், தகப்பன் கண்ணை மூடுவார், அடுத்த காட்சியில் ஆற்றங்கரையில் சிதை எரியும். எழுதியவர்கள் மட்டக்களப்பின் களுதாவளை, குருக்கள்மடம் பக்கத்துப் பிள்ளைகள். இரண்டு பேர் கல்லடியில் இருக்கும் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படிக்கிறவர்கள். ஒருவராவது நேரில் சிதை எரிந்து பார்த்ததில்லை. எங்கள் பக்கம் புதைப்பதுதான் வழக்கம். சிதை எல்லாம் டீவியில் பார்த்தது.

அப்பாவை வாய்ப்புற்றுநோயில் வைத்துப் பார்த்தவன் நான் என்பது ஊருக்குத் தெரியும். வருத்தக்காரரை எப்படிப் படுக்க வைப்பது, சேலைன் எப்படித் தொங்கும் என்று கேட்கத்தான் அவர்கள் வந்தார்கள். பேசப் பேசக் கதையே கழன்றுவிட்டது. பிறகு நானும் படத்தோடு ஒட்டிக்கொண்டேன். வருத்தம், சாவு, ஊர் திரும்புதல் என்று ஒரு குடும்பப் படத்தைக் கையில் இருக்கும் சின்னக் காசில் எடுக்க நினைக்கிற கிழக்கு மாகாணத்துப் பிள்ளைகளுக்கு இது உதவும் என்று நினைத்து எழுதுகிறேன். வீட்டில் வருத்தக்காரர் இருக்கிறவர்களுக்கும் இதில் ஒன்றிரண்டு விஷயம் இருக்கும்.

வீட்டில் இருந்து தொடங்குகிறேன். மட்டக்களப்பில் கல்யாணம் என்றால் வீடு பெண்ணுக்கு. தாய் தகப்பன் தாங்கள் இருக்கிற வீட்டையே மூத்த மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கம் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த மகளுக்குக் கல்யாணம் வந்தால் இன்னும் ஒதுங்குவார்கள். ஆண்பிள்ளை கட்டிப் போகிற இடம் மனைவியின் வீடு. குடி என்கிற வம்சமும் இங்கே தாய்வழிதான். அப்படியிருக்க, மகன் கனடாவில் இருந்து எந்த வீட்டுக்குத் திரும்புவான்?

அப்பாவுக்கு வருத்தம் கூடிவிட்டது என்று கொழும்பில் அச்சக வேலையை விட்டுவிட்டு நான் வந்து இறங்கியது அக்காவின் வீட்டில். பிறந்து வளர்ந்த அதே வீடுதான், ஆனால் வீட்டு உறுதிப் பத்திரம் அக்காவின் பெயரில். பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விறாந்தையில் நின்றேன். மச்சான் நல்ல மனிசன், “உள்ளுக்குக் கொண்டு போ” என்றார். அதை அவர் சொல்ல வேண்டியிருந்ததே, அங்கேதான் கதை இருக்கிறது. இரவில் அப்பாவைத் தூக்கி இருத்த, குளிக்க வார்க்க எனக்கு உரிமை இருந்தது. அவரை எந்த அறையில் போடுவது, யாரை உள்ளே விடுவது என்பதெல்லாம் அக்கா, மச்சான் பாடு. கூடப் பிறந்தவர்களுக்குள் வருத்த வீட்டில் வருகிற சண்டையில் முக்கால்வாசி இங்கேதான் முளைக்கும். வந்த முதல் கிழமையிலேயே காசு யாருடையது, இரவு முழிப்பு யாருடையது, கிளினிக்குக்கு யார் கூட்டிப் போவது என்று மூவரும் இருந்து பேசிவிட்டால் பாதிப் பாரம் குறையும். நாங்கள் பேசினோம். அக்காதான் தொடக்கினாள்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பெடியன்களில் ஒருவன், “அப்ப மகனுக்குப் பதிலா மகள் வந்தா?” என்றான். கனடா மகனை அன்றைக்கே வெட்டினோம்.

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்திலும் குவைத், சவூதி, கட்டார் என்று வீட்டு வேலைக்குப் பெண் போகாத ஒழுங்கையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பல பேர் போவதே வீட்டைக் கட்டத்தான். தனக்கு, இல்லாவிட்டால் மகளுக்கு. எங்கள் படத்தில் ஊருக்குத் திரும்பி வருகிறவள்தான் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி. பூசாத சுவர், கம்பி நீட்டிக்கொண்டு நிற்கும் தூண், சிமெந்துப் பை அடைத்த ஜன்னல். அவள் அனுப்பிய காசில் பாதி அப்பாவின் வருத்தத்துக்குப் போய்விட்டது என்று போனில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் வந்து கேற்றடியில் நின்று சுவரைப் பார்த்தால் போதும். அந்த இடத்துக்கு எழுதி வைத்திருந்த வசனம் ஒரு பக்கம் வரும், அவ்வளவையும் கிழித்தோம்.

பிந்தி வருகிற காரணமும் தன்னால் மாறியது. படங்களில் பிள்ளை பிந்தி வந்தால் தகப்பனோடு கோபம், வீம்பு, மானப் பிரச்சினை என்று ஏதாவது இருக்கும். குவைத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கோபப்படவே நேரமில்லை. விசா ஒப்பந்தம் பொதுவாக இரண்டு வருடம். வேலைக்கு எடுத்தவரின் சம்மதம் இல்லாமல் இடையில் விட்டு வருவது லேசில்லை. பாஸ்போட் ‘மடம்’ என்கிற வீட்டு எசமானியின் அலுமாரிக்குள் பூட்டியிருக்கும். அங்கே இருந்து வந்த ஒரு அக்காவிடம் போய் இருந்து கேட்டோம். அழுது கேட்டால் மடம் நம்ப மாட்டாள், ஆஸ்பத்திரித் துண்டை வட்ஸ்அப்பில் எடுத்துக் காட்டித்தான் விடுமுறை கேட்க வேண்டும் என்றாள். அது அப்படியே படத்தில் வருகிறது. தகப்பனின் கிளினிக் கொப்பியைத் தங்கச்சி போனில் படம் பிடிக்கிறாள், வெளிச்சம் போதாமல் முற்றத்துக்குக் கொண்டு வந்து திரும்பவும் பிடிக்கிறாள்.

வருத்தத்துக்கு வருவோம். “கான்சர்” என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டு இருமவிட்டால் காணும் என்று பெடியன்கள் நினைத்திருந்தார்கள். எந்தக் கான்சர், எங்கே, எந்த நிலை, எதை விழுங்க ஏலும், எத்தனை மணிக்கு மருந்து, இதெல்லாம் தெரியாமல் நடிகருக்கு என்ன சொல்லிக் கொடுப்பது? எனக்குத் தெரிந்த வருத்தத்தையே எடுக்கச் சொன்னேன்.

களுதாவளை மண்ணுக்கு வெற்றிலை நன்றாக வரும். அப்பா கொடி வைத்துப் பிழைத்தவர். விற்றது போக மிஞ்சியது அவர் வாய்க்குள். பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை எல்லாம் சேரும். இலங்கை ஆண்களுக்கு வருகிற புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய்தான் முன்னுக்கு நிற்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2004இல் வெளியிட்ட அறிக்கை, புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டும் பாக்கும்கூடப் புற்றுநோயைக் கொண்டுவரும் என்று சொல்லிவிட்டது. ‘நான் போயிலை போடுறல்ல, வெறும் பாக்குத்தான்’ என்கிற சமாதானம் இனி எடுபடாது. அப்பாவுக்குக் கறியில் காரம் பட்டால் கன்னத்தின் உள்பக்கம் எரியும். அம்மா தனியாகக் காரமில்லாமல் காய்ச்சத் தொடங்கினா. பிறகு வாய் முழுதாகத் திறபடவில்லை. ஆறாத புண், வெள்ளையாகவோ சிவப்பாகவோ ஒரு படலம், காரம் பட்டால் எரிவு, வாய் திறக்கும் அளவு குறைவது, இதில் ஏதாவது ஒன்று, இரண்டு மூன்று கிழமைக்கு மேல் நின்றால் அரசாங்க ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குப் போய்க் காட்ட வேண்டும். காசு இல்லை. வரிசைதான்.

மகரகமை அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர் பிடித்த காலத்தைப் படத்தில் நாங்கள் காட்டவில்லை. கொழும்பு வரை போய் எடுக்கக் காசு இல்லை என்பது ஒன்று. கதிர் சிகிச்சை என்றால் கிழமைக்கு ஐந்து நாள் படி ஆறேழு கிழமை ஓடும், முகத்துக்கு அளவெடுத்து ஒரு மாஸ்க் செய்து, தலை அசையாமல் மேசையோடு பிடித்து வைப்பார்கள், அதைப் போலியாகச் செய்தால் கேலியாகிவிடும் என்பது மற்றது. அதன் மிச்சம் வீட்டுக்குள் வருமே, அதை எடுத்தோம். வாய் காய்ந்துபோய் ருசி இல்லாமல் போன மனிதர், தங்கச்சி ஆக்கிய மீன் சொதியை மோந்து பார்த்துவிட்டு வைக்கிறார்.

மூக்குக் குழாய்க் காட்சி மட்டும் ஒரே ஷொட்டில் நீளமாகப் போகும். எல்லாரும் அதைக் குறைக்கச் சொன்னார்கள், நான் விடவில்லை. குவைத்தில் இருந்து வந்த மகளுக்குத் தங்கச்சி சாப்பாடு கொடுக்கப் பழக்குகிறாள். நிஜத்தில் வாட்டில் நேர்ஸ் மிஸ்ஸி எனக்குப் பழக்கிய வரிசையிலேயே: தலைமாட்டை உயர்த்து, தலையணை இரண்டு வை. குழாய் இடம் மாறவில்லை என்று மிஸ்ஸி காட்டின மாதிரிப் பார். சமபோஷாச் சத்துமாக் கஞ்சியைத் தண்ணியாகக் கரைத்து மெல்லிய துணியில் வடி, ஒரு கட்டி இருந்தாலும் குழாய் அடைக்கும். இளஞ்சூடு, அதற்கு மேல் வேண்டாம். பெரிய சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டுக் குழாயில் பொருத்தி, ஊற்றி, உயர்த்திப் பிடி. அமுக்காதே, தானாக இறங்கட்டும். முடிந்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவு. அதற்குப் பிறகும் அரை மணித்தியாலமாவது சாய்ந்தே இருக்க வேண்டும், உடனே படுக்கப் போட்டால் புரையேறும். கமராவுக்குத் தெரிவது சிரிஞ்சுக்குள் கஞ்சியின் மட்டம் மெல்ல மெல்ல இறங்குவது மட்டும். அக்காவின் கை உளையத் தொடங்கும், தங்கச்சி பேசாமல் அவள் முழங்கையின் கீழ் தன் கையைக் கொடுப்பாள். ஐந்து வருடமாகக் காசு அனுப்பினவளும் பக்கத்தில் இருந்து பார்த்தவளும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டிய எல்லாம் அந்த முழங்கைக்குக் கீழே இருக்கிறது. ஆட்கள் அழுதது அங்கேதான், செத்தவீட்டுக் காட்சியில் இல்லை.

குழாயை நடிகருக்கு உண்மையாகப் போடக்கூடாது, யோசிக்கவும் கூடாது. மூக்குத் துளை வரைக்கும் அளந்து வெட்டி, மூக்கின் மேலும் கன்னத்திலும் பிளாஸ்டரால் ஒட்டினோம். மற்ற முனை அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு போத்தலுக்குள் போகும். கஞ்சி அதற்குள் இறங்கியது.

நடிகர் விஷயம் சுவாரசியமானது. தகப்பனாக நடித்தவர் வடமோடிக் கூத்தில் ஆயுள் முழுக்க அரசனாக ஆடிய, கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் ஒருவர். தொண்டையைத் திறந்தால் ஒலிபெருக்கி தேவையில்லை. அவருக்கு நாங்கள் கொடுத்த பாத்திரத்தில் ஒரு சொல் கிடையாது. முதல் நாள் கண்ணாலேயே துரியோதனனைக் காட்டினார். “பார்க்கிறவங்களுக்காக ஒன்றும் செய்ய வேணாம் அண்ணாவியார், வாயால ஒழுகிறதைத் துடைக்கிற வேலையை மட்டும் செய்யுங்க” என்று ஒரு பழைய துவாயைத் தோளில் போட்டுவிட்டேன். அப்பா அப்படித்தான் இருப்பார். யாராவது வந்தால் முதலில் துவாயைத் தேடுவார். அந்தத் துவாய் கிடைத்ததும் அண்ணாவியார் வேறு ஆளாகிவிட்டார். வலியை நடிக்கச் சொல்வதை விட, வலிக்கிற மனிதன் தன் மானத்தைக் காப்பாற்றச் செய்யும் வேலை எது என்று பார்த்து அதைக் கொடுத்தால் யாரும் நடிப்பார்கள்.

பேசுகிறவர்களுக்கு நேர்மாறான தொல்லை. எழுதிக் கொடுத்த வசனத்தை வாசித்ததும் எல்லாருக்கும் இந்தியப் படத்துக் குரல் வந்துவிடும். வீட்டில் “வாங்க மனே” என்கிற பெத்தா, கமரா முன்னால் “வாப்பா கண்ணு” என்றா! வசனத் தாளைப் பறித்து வைத்துவிட்டு, நிலைமையை மட்டும் சொன்னோம். பிறகு தானாக வந்தது.

வலியைப் பற்றி ஒன்று. மோர்பின் மாத்திரை என்றதும் எங்கள் சனம் ‘அது கடைசிக்குக் குடுக்கிறது’ என்று பயந்து ஒளித்து வைக்கும். டொக்டர் சொன்ன நேரத்துக்கு நேரம் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேட்க வேண்டும். குழாயால் கொடுப்பதென்றால் எந்த மாத்திரையை இடிக்கலாம், எதை இடிக்கக் கூடாது என்று கேட்காமல் கை வைக்கக் கூடாது. புண் நாறும். அதையும் வெட்கப்படாமல் கிளினிக்கில் சொல்லுங்கள், குறைக்க மருந்து இருக்கிறது. நாற்றத்தைப் படம் காட்டாதுதானே? அறை வாசலில் வந்து நின்றுவிட்டு உள்ளே வராமல் திரும்பி ஓடும் பேரப்பிள்ளையை வைத்தோம், சனத்துக்கு விளங்கிவிட்டது.

பேச முடியாமல் போன பிறகு அப்பா ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதிக் காட்டுவார். பெடியன்களுக்கு இது தெரிந்ததும் கண் மின்னியது. கடைசிப் பக்கத்தில் மகளுக்கு ஒரு உருக்கமான கடிதம், அவர் போன பிறகு அவள் எடுத்து வாசிக்கிறாள் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். நான் அப்பாவின் கொப்பியை எடுத்துக் கொடுத்தேன், புரட்டிப் பாருங்கள் என்று. ‘கொடிக்குத் தண்ணி விட்டாச்சா.’ ‘மோட்டர் சத்தம் கேக்கல்ல.’ ‘ஃபேன குறை.’ ‘ஆர் வந்தது.’ பக்கம் பக்கமாக இதுதான். கடைசியில் எழுதியிருப்பது உரக்கடைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி. படத்திலும் அப்படியே வைத்தோம். மகள் கடைக்குப் போய் அந்தப் பாக்கியைக் கட்டுகிறாள், கடைக்காரர் கொப்பியில் கோடு அடிக்கிறார்.

பார்க்க வருகிற சனத்துக்குத் தனியாக ஒரு படமே எடுக்கலாம். ஒருவர் முள்சீத்தா இலை அவித்துக் குடிக்கச் சொல்லுவார், ஒருவர் மகரகமைக்குப் போயிருக்கவே கூடாது என்பார், ஒருவர் தன் மாமா இதே வருத்தத்தில் எப்படிப் போனார் என்று வருத்தக்காரரின் கட்டிலில் இருந்தே விவரிப்பார். எல்லாருக்கும் அம்மா வெற்றிலைத் தட்டத்தை நீட்டுவா. வெற்றிலையால் வாய் அழுகிக் கிடக்கிற மனிதனின் கால்மாட்டில் இருந்து அவர்கள் போட்டுத் துப்புவார்கள். செத்தவீட்டன்று அம்மா தட்டம் வைக்க மாட்டேன் என்றுவிட்டா. ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், ஒருவர் தன் மடியில் இருந்ததை எடுத்துப் போட்டார். இதைப் படத்தில் வைக்கும்போது அம்மாவிடம் அனுமதி கேட்டேன். “வை” என்றா. வீட்டில் நடந்ததைக் கதையாக்குகிறவர்கள் அந்த ‘வை’யை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் சில்லறை வேலைகள். ஆஸ்பத்திரிக்குள் கமரா கொண்டுபோக அனுமதி வேண்டும், கிடைத்தாலும் அங்கே கிடக்கிற வருத்தக்காரரின் முகம் ஷொட்டுக்குள் வந்துவிடும். விடுமுறையில் பாடசாலை வகுப்பறை ஒன்றைக் கேட்டு வாங்கி, இரும்புக் கட்டில் இரண்டு, பச்சைத் திரை, ஒரு சேலைன் ஸ்டாண்ட், சுவரில் கைகழுவும் போஸ்டர். வாட்டு ரெடி. பக்கத்துக் கட்டிலை வெறுமையாக விடாதீர்கள், அரசாங்க வாட்டில் வெறுங்கட்டில் ஏது? காலமும் பார்க்க வேண்டும். மாரியில் மழை விடாது, வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில்களில் சடங்கு தொடங்கினால் ஒலிபெருக்கி ஓயாது, செத்தவீட்டுக் காட்சி எடுக்க ஊரும் விடாது. கச்சான் காற்று எழும்பினால் மைக்கில் அது மட்டும்தான் கேட்கும். மாசி பங்குனிதான் தோது. கிழக்குக் கரையில் காலை ஆறரைக்கே வெயில் சரிவாக வீட்டுக்குள் விழும், வாசல் கடலைப் பார்த்த வீடு கிடைத்தால் லைட்டே வேண்டாம். ஒரு முக்கியமான ஷொட் நடுவில் பாண் விற்கிற சூன் பாண் ஓட்டோ தன் பாட்டைப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. வெட்ட மனம் வரவில்லை, அந்த வீட்டில் அந்த நேரத்துக்கு அதுவும் வரும்தானே.

சாவுக் காட்சி எடுக்கவில்லை. அண்ணாவியாரின் மனைவி, உயிரோடு இருக்கிற மனிசனைப் பெட்டிக்குள் வைக்க விடமாட்டேன் என்றா. அதோடு அது முடிந்தது. ஒப்பாரி பாடுகிற கிழவிகளும் சாவு நடக்காத வீட்டுக்குள் பாட மாட்டோம் என்றார்கள். வற்புறுத்தக் கூடாத இடம் அது. ஒழுங்கை முழுக்க வெள்ளைக் கொடி கட்டுகிற பெடியன்கள், வாடகைக் கதிரை இறக்குகிற லொறி, தேத்தண்ணிக்குச் சீனி அளக்கிற பக்கத்து வீட்டு மாமி என்று வேலைகளை எடுத்தோம். எட்டாம் நாள் வரை வீடு நிறைய ஆள் இருக்கும், முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்ததும் ஒருவரும் இருக்க மாட்டார்கள். மகள் திரும்பவும் குவைத்துக்குப் போவாளா, சுவரைப் பூசுவாளா என்று படம் சொல்லாது. அந்த வயதில் அந்தக் கடனோடு இருக்கிற பெண்ணுக்கு என்ன வழி என்று ஊருக்குத் தெரியும்.

பாடசாலை மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டோம். முள்சீத்தா இலைக் காட்சிக்கு மண்டபமே சிரித்தது, அப்படிச் சொல்லுகிற ஆட்கள் முன்வரிசையில் இருந்தார்கள். முடிந்த பிறகு ஒருவர் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போய், தனக்கும் உறைப்புப் பட்டால் எரியுது என்றார். அடுத்த திங்கட்கிழமை களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன், மட்டக்களப்புக்குத் துண்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அக்கரைப்பற்றிலும் ஒருமுறை போடக் கேட்டிருக்கிறார்கள், அதற்குள் வாட்டுக் காட்சியின் ஒலியைத் திருத்த வேண்டும்.

அண்ணாவியார் மட்டும் இன்னும் சமாதானமாகவில்லை. ஊர் முழுக்க அவர் நடிப்பைப் புகழ்கிறது, அவருக்கோ வசனம் இல்லாதது பெரிய குறை. அடுத்த கதையில் தனக்கு வாய் நிறையப் பேச்சு வேண்டும், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று பெடியன்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.